முயல் கண்ணும் இவர் கன்னமும்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணும் போனது சுண்ணாம்பால். வெற்றிலையில் தடவப் பிளாஸ்டிக் பொட்டலத்தை அழுத்தினார். அது பீய்ச்சி முகத்தில் அடித்தது. கருவிழி வெந்து வெள்ளையாகிவிட்டது. செத்தவர் கண்ணை எடுத்து வைத்தும் நிற்கவில்லை. இனி பிளாஸ்டிக் கருவிழிதான் என்றார் டாக்டரம்மா. அதைப் பிடித்து நிறுத்தச் சுற்றிலும் உயிருள்ள சதை வேண்டுமாம். கன்னத்தின் உள்தோலை எடுத்து ஒட்டும் புது முறையை முயலுக்குச் செய்து பார்க்கிறோம், அதில் நின்றால் இவருக்கு, அதுவரை வாயைச் சுத்தமாக வைத்திருங்கள் என்றார்.

முயல்தானே, நாலு நாளில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். மீன் கூடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு, இவர் கையைப் பிடித்துக்கொண்டு நொச்சிக்குப்பத்திலிருந்து அடையாறு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தேன். ஒருமுறை முயல் கண்ணில் ஓரத்துச் சதை கரைந்து பிளாஸ்டிக் வெளியே வந்துவிட்டது என்றார்கள். இன்னொருமுறை முயல் சொறிந்துவிட்டதாம்.

"அதும் கைய கட்டி வெக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கழுத்துல வளையம் போட்டிருக்கோம்மா. அதையும் தள்ளிட்டுச் சொறியுது."

குப்பத்தில் எல்லோருக்கும் இது வேடிக்கையாகிவிட்டது. "இன்னாக்கா, முசலு எப்டி கீது?" என்றுதான் விசாரிப்பார்கள். இவரைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

போன வாரம் டாக்டரம்மா சிரித்த முகமாக வந்தார். இந்தத் தடவை வைத்த ஒட்டு மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறதாம். இவருக்குச் செய்யவும் அனுமதி வந்துவிட்டதாம்.

"வாயைத் திறங்கய்யா, தோலைப் பாக்கலாம்."

டார்ச் அடித்தவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. உள்கன்னம் வெள்ளை வெள்ளையாய் இறுகிக் கிடக்கிறதாம். எடுத்து ஒட்ட ஒரு துண்டு நல்ல தோல் இல்லையாம்.

"இன்னும் போடறீங்களா?"

"வெத்தல பாக்கெல்லாம் வுட்டுட்டேம்மா," என்றார் இவர் பெருமையாக. "பொயல மட்டும். மெல்றதில்ல, சும்மா ஓரமா அடக்கிக்கினு இருப்பேன்."

"யோவ்! முசலுக்குக் கீற பொறுப்பு உனுக்கு இல்லியே!" ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

முழுசாய் விட்டுவிட்டு வாருங்கள், தோல் தேறுகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா.

ஆட்டோவில் திரும்பினோம். பட்டினப்பாக்கம் தாண்டும்போது இவரே இடுப்பைத் தடவி ஒரு புகையிலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"இந்தாமே, தூக்கிப் போட்ரு."

வாங்கிக்கொண்டேன். "இன்னொண்ணு?"

"சட்டப் பையில."

அதையும் எடுத்தேன். "வூட்ல?"

இவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அங்கே எதையோ பார்க்கிறவரைப் போல.