தாபு நாயை அமுக்கிய மத்தியானம்

ஆடு மேய்க்கும் தாபுவின் வாய்க்கு ஊரே பயப்படும். ஆனால் அந்த ஜேட் என்னும் கோடை மாதத்துப் பாலைவன உச்சிவெயிலில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏழெட்டு அடி தள்ளி, முட்புதர் நிழலில், காலால் பறித்த சின்னப் பள்ளத்தில் ஒரு முயல். ஒளிந்துகொள்ள வளை கிடையாது. மணல் நிறம்தான் மறைவு. விடியலில் ஈரத்தோடு கடித்த புல்தான் அன்றைக்குத் தண்ணீர். சூடு தணிய விடைத்திருந்த காதுகளை இப்போது முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மணல்மேட்டிலிருந்து வெளியூர்க்காரர் இருவர், இரண்டு வேட்டைநாய்களோடு இறங்கி வந்தார்கள்.

"அக்கா, முயல் ஏதாச்சும் பாத்தியா?" என்றான் மீசைக்காரன்.

தாபு பிஷ்னோய் வீட்டுப் பெண். அந்தச் சமூகத்தாருக்குப் பொய்யும் ஆகாது, ஓர் உயிரைக் காட்டிக்கொடுப்பதும் ஆகாது.

"பாத்தேன். எங்கேன்னு சொல்லமாட்டேன். வந்த வழியே போ, தம்பி."

"முயல் என்ன உன் மாமியாரா?"

"மாமியாரா இருந்தா எப்பவோ காட்டிக் குடுத்திருப்பேன்."

அதற்குள் முன்நாய் மோப்பம் பிடித்துவிட்டது. முயல் தெறித்து ஓடியது. வெயிலில் நாய்க்கு நெடுநேரம் ஓட முடியாது. முதல் பாய்ச்சலில் தப்பினால் முயல் பிழைக்கும் என்று தாபுவுக்குத் தெரியும். முக்காட்டை உருவி முன்நாயின் தலையில் வீசி, அதன்மேலேயே விழுந்தாள். அது அவள் மணிக்கட்டைக் கவ்வியது. அவள் பிடியை விடவில்லை. அலறினாள்.

இரண்டாவது நாய் துரத்தியது. முயல் சடாரென்று திரும்பும்; நாய் மணலில் சறுக்கும். நாலாவது திருப்பத்தில் நாய் நாக்குத் தள்ளி நின்றுவிட்டது. முயலைக் காணோம்.

"பைத்தியக்காரி, விடுடி!" மீசைக்காரன் தடியை ஓங்கினான்.

அலறல் கேட்டு அவள் புருஷன் ஹட்மான்ராம் ஆட்களோடு ஓடிவருவதைக் கண்டதும் தடி இறங்கியது. களைத்த நாயைத் தூக்கிக்கொண்டு இருவரும் மேட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த பைக்கில் பறந்தார்கள். தாபுவின் பிடியில் இருந்த நாய் அங்கேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, நாய்க்கு வெறி இருக்கிறதா என்று வீட்டிலேயே வைத்துப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள்; அதுவரை நன்றாக இருந்தால் பயமில்லை.

"முயலுக்காகச் சாகப்போறியா?" என்றான் ஹட்மான்ராம்.

"நாய் தண்ணி குடிச்சுதான்னு பாரு" என்றாள். தினம் அதையே கேட்டாள், இரவில் தூங்கவில்லை. பதினோராம் நாள் காலை நாய் எழுந்து வந்து கஞ்சிச்சட்டியை நக்கியது. தாபு கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.