உம்மா பறந்த இத்தா காலம்

வீடியோ கேம் விளையாட்டில் என்னை வெல்ல ஆளே இல்லை என்று ஒரு காலத்தில் நான் தலைக்கனத்தோடு திரிந்தேன். என் கணவரே கல்யாணமான முதல் மாதத்தில் கையைத் தூக்கிவிட்டார். அப்படிப்பட்ட என்னை, டிவியில் சத்தம் கூட்டவும் ஆள் கூப்பிடுகிற என் உம்மா மண் கவ்வ வைத்தார். இப்போது அதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது. அப்போது வயிறு எரிந்தது.

வாப்பா மௌத்தாகி உம்மா இத்தா இருந்த காலம் அது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியில் இறங்காமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. எங்கள் வீடு ஆலங்குடாவில், கடற்கரைக்குப் போகும் வழியில். நான் வாழ்க்கைப்பட்டது வண்ணாத்திவில்லுவில். எனக்கு வேலை லெப்டொப்பில்தான் என்பதால், இத்தா முடியும்வரை உம்மாவோடு இருக்கிறேன் என்று வந்துவிட்டேன். என் கணவர் ஒரு வெள்ளிக்கிழமை என் உடுப்புகளைக் கொண்டுவந்தபோது, கேம் பெட்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

உம்மா வெள்ளை உடுத்துக் கதிரையில் இருந்தார். ஓதினார், தொழுதார், வருகிறவர்களோடு இரண்டு வார்த்தை கதைத்தார். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கொழும்பில் இருக்கிற என் அண்ணன், நானா, வாப்பாவின் மையத்து வீட்டிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இத்தா முடிந்ததும் உம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவது. வீட்டை, காற்றாடிப் பலகையில் கடலில் ஓட வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை கொடுக்கிற ஒருவரிடம் வாடகைக்கு விடுவது. உம்மாவுக்காக ஓர் அறையை ஒதுக்கி, புது அலுமாரியும் வாங்கிப் போட்டுவிட்டார்.

"உம்மாக்கிட்டக் கேட்டீங்களா?" என்றேன் போனில்.

"உம்மா என்னத்தச் சொல்லப் போறா? தனியப் புத்தளத்துக்குக்கூடப் போனதில்ல. நீ அங்கயே இரிக்கப் போறியா?"

நானா கெட்டவர் இல்லை. அவர் சொன்னது முழு உண்மையாக இருந்ததுதான் எரிச்சல். வாப்பா கருவாட்டு வியாபாரி; ஊரெல்லாம் சுற்றுவார். உம்மா போன இடமெல்லாம் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருபக்கமாக இருந்து போன இடங்கள்தான். அப்படி இருந்தே போய்வந்ததால், எந்த ரோட்டிலும் அவருக்கு இடப்பக்கம் மட்டும்தான் பாடம். வலப்பக்கக் கடைகளைக் கேட்டால், "அது திரும்பி வரக்குள்ள பாத்தது" என்பார்.

"கொழும்புக்குப் போக விருப்பமா உம்மா?" என்று நேராகவே கேட்டேன்.

"விருப்பமில்ல மகள். ஆனா நான் ஏலாதவதானே. தனிய இருந்து என்னத்தச் செய்ற?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. உம்மாவோடு சண்டை பிடிக்கக் கூடாது என்பதற்காகக் கேமைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அது ஒரு பெரிய நாடு. மலை, காடு, கோட்டை, துறைமுகம் எல்லாம் உண்டு. இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கதாநாயகி ஓர் இளம்பெண். ஓடுவாள், சுவரில் ஏறுவாள், கயிற்றை வீசி மரத்துக்கு மரம் தாவுவாள், உயரத்தில் இருந்து குதித்தால் முதுகில் உள்ள துணிச்சிறகை விரித்து மிதப்பாள். ஓட்டம் அப்படியே தாவலாகும், தாவல் மிதப்பாகும், எங்கும் தட்டுப்படாது. நான் அன்று கோபத்தில் கோட்டைக் கூரைகளின் மேல் அவளை விரட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் புள்ள எங்க போறா?" என்று பின்னால் குரல் கேட்டது.

"எங்கயும் போகலாம் உம்மா. அவட விருப்பம்."

"யாரு கூட?"

"தனியத்தான்."

உம்மா கதிரையை டிவிப் பக்கம் திருப்பிப் போட்டார்.

இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தவர், பிறகு கொன்ட்ரோலரைக் கையில் கேட்டார். நான் கொடுத்துவிட்டுச் சிரிக்கத் தயாராக இருந்தேன். உம்மா ஏமாற்றவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் ரோட்டோரமாக மட்டும் நடந்தார். சந்தி வந்தால் நின்றார். வேலியைத் தாண்டச் சொன்னால், "அது ஆருடயோ வளவு, கேக்காமப் போக ஏலாது" என்று சுற்றிப் போனார். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் சலாம் சொன்னார். கமராவோ இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பத்தடி நடப்பாள், உம்மா இடப்பக்கம் பார்ப்பார், அவள் போய்ச் சுவரில் முட்டுவாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உம்மாவும் சிரித்தார். வாப்பா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"புள்ளக்கி ஒரு முக்காடு போட ஏலாதா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தோம். தலையை மூடுகிற குல்லாய் வைத்த மேலங்கி ஒன்று சந்தையில் கிடைத்தது. அதைப் போட்ட பிறகு உம்மாவுக்கு மனம் ஆறியது. அன்றே முதல் வேலியையும் தாண்டிவிட்டார்.

அந்தக் கேமில் எதிரிகளை அடித்தால் பலம் கூடும். பலம் கூடினால் சிறகு பெரிதாகும். உம்மா ஒருவரையும் அடிக்க மாட்டேன் என்றார். "அவங்க நமக்கு என்ன செஞ்ச?" வாளை உருவிக்கொண்டு ஓடி வருகிறவனைக் காட்டி நான் கத்துவேன். உம்மா பாட்டுக்குச் சுவரில் தாவி, கூரையில் ஓடி, அடுத்த தெருவில் இறங்கிப் போய்விடுவார். தப்புவதே வேலையாகிப் போனதால் அவருடைய கை வேகம் பிடித்தது. ஒரு நாள் அவர் ஓடுவதைப் பார்த்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது.

உம்மா அப்படித் தேறியதற்குப் பள்ளிவாசல் பாங்கும் ஒரு காரணம். நடுப்பகல் லுஹர் தொழுது, சாப்பிட்டு, பிறகுதான் உம்மா விளையாட உட்காருவார். எப்படியும் நடுவில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும். பாங்கு கேட்டால் உம்மா எழும்பிவிட வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணோ செங்குத்துப் பாறையில் பாதியில் தொங்கிக்கொண்டிருப்பாள்.

"இந்தப் பட்டன அமத்துங்க உம்மா. எல்லாம் நிக்கும்."

"நிக்கிறது நமக்கு. அவ தொங்கிக்கிட்டுத்தானே இரிப்பா?"

எத்தனை விளக்கியும் ஏற்கவில்லை. தொழப் போகும் முன் அவளைக் கீழே இறக்கி, ஒரு மர நிழலில் நிற்க வைத்துவிட்டுத்தான் போவார். அதனால் எங்கே இறங்குவது என்று பார்க்காமல் உம்மா எங்கும் ஏற மாட்டார். நான் ஏறும்போது உச்சியைப் பார்ப்பேன். உம்மா ஏறும்போது வழியில் உள்ள ஒவ்வொரு விளிம்பையும் கிளையையும் பார்ப்பார். கீழே விழுந்து சாவது என் வழக்கம். உம்மாவின் பெண் விழுவதே அரிதாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் துக்கம் விசாரிக்க வந்து, எங்களைக் கையும் களவுமாகப் பிடித்தார். உம்மா கொன்ட்ரோலரை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, "மகள்தான் என்னமோ போட்டிரிக்கா" என்று என் தலையில் கட்டினார். இத்தா வீட்டில் இது என்ன கூத்து என்று மாமி ஊரைக் கூட்டுவார் என்று நான் பயந்தேன். மாமி கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தார். "அந்த மலைக்கு அங்கால என்ன இரிக்கி?" என்றார். அதற்குப் பிறகு மாமி துக்கம் விசாரிப்பது கிழமைக்கு மூன்று முறையாயிற்று.

அந்த நாட்டின் மேற்கே, கடலுக்கு நடுவில், ஒற்றைப் பாறைமேல் ஒரு பழைய கோபுரம் உண்டு. பெரிய சிறகு கிடைத்த பிறகுதான் அங்கே போக முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என்னிடம் பெரிய சிறகு இருந்தும் நான் பலமுறை கடலில் விழுந்துதான் போய்ச் சேர்ந்தேன். உம்மாவிடம் இருந்ததோ தொடக்கத்தில் கொடுக்கிற சின்னச் சிறகு. "அது உங்களுக்குச் சரிவராது உம்மா" என்றேன். கொஞ்சம் இறுமாப்போடுதான் சொன்னேன். உம்மா தினமும் கேமில் மேற்குக் கரைக்குப் போய் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

இத்தா முடியக் கிட்டவாக நானா வந்தார். பயணத்துக்குப் பை, வீட்டை வாடகைக்கு எடுப்பவரிடம் எப்போது சாவி கொடுப்பது என்ற கதை, எல்லாவற்றோடும் வந்தார். நான் கத்தினேன். நானாவும் கத்தினார். "நாளைக்கு உம்மாக்கு ஒன்டு நடந்தா நீ வண்ணாத்திவில்லுல இருந்து பறந்து வருவியா?" என்று கேட்டார். உம்மா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வைத்தார். பிறகு தன் கதிரையில் போய் உட்கார்ந்து டிவியைப் போட்டார்.

"இது என்ன?" என்றார் நானா.

உம்மா மேற்குக் கரையின் ஆக உயர்ந்த முனைக்கு ஏறினார். ஓடினார், குதித்தார், சிறகை விரித்தார். பாறையில் மோதி மேலெழும் காற்று அந்தப் பெண்ணைத் தூக்கியது. பாதிக் கடல் தாண்டவில்லை, சிறகின் பலம் தீரத் தொடங்கியது. கோபுரம் இன்னும் எட்டத்தில் இருந்தது. நான் நினைத்தது நடக்கப் போகிறது என்று எனக்குள் ஒரு கெட்ட சந்தோசம்கூட வந்தது. அப்போது உம்மா சிறகைத் தானாகவே மடித்தார். பெண் கல்லாக விழுந்தாள்.

விழுந்தது தண்ணீரில் இல்லை. கீழே ஒரு வணிகக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதன் பாய்மரத்தின் குறுக்குக் கட்டையில் அவள் கால் பட்டது. உம்மா இத்தனை நாளும் கரையில் நின்று பார்த்தது கடலை இல்லை, கப்பல்களை. அங்கே மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குதித்தார். கயிற்றை வீசி அடுத்த கப்பலின் பாய்மரத்தைப் பிடித்தார், ஒரு சுற்றுச் சுற்றி மேலே எழும்பினார், திரும்பவும் சிறகு. இவ்வளவு காலமும் இந்தக் கேமை விளையாடிய எனக்கு, அந்தக் கப்பல்களில் இறங்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"வலப்பக்கம் உம்மா, வலப்பக்கம்!" நானா எழும்பி நின்றுவிட்டார். தேத்தண்ணி அவருடைய சேர்ட்டில் கொட்டியதும் தெரியவில்லை.

உம்மா வலப்பக்கம் திரும்பினார். பாறை விளிம்பை ஒரு கை பிடித்தது. ஏறினார். கோபுர உச்சியில் அந்தப் பெண் முக்காட்டோடு நின்றாள். சுற்றிவர அவ்வளவு கடலும் அவ்வளவு நாடும் தெரிந்தது. நான் கதிரையில் ஏறி நின்று கூக்குரல் போட்டேன். நானா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு இருந்த பொறாமையெல்லாம் எங்கே போனதோ தெரியாது. என் உம்மா, என் உம்மா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் நானா பழையபடி நானாவானார். "நல்லாத்தான் விளையாடுறீங்க உம்மா. ஆனா இது கேம்தானே. வெளி இப்படி இல்ல."

"ஓம் மகன்," என்றார் உம்மா. "வெளி இதவிட லேசு. வெளியில பஸ் ஓடுது."

அஸர் பாங்கு கேட்டது. உம்மா அந்தப் பெண்ணைக் கோபுர நிழலில் உட்கார வைத்துவிட்டுத் தொழப் போனார். ஆனாலும் நானா போகும்போது, இத்தா முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை வாகனத்தோடு வருவேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் மனம் மாறவில்லை என்று எனக்கு விளங்கியது.

இத்தா முடிந்தது. ஓதி, ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தோம். அடுத்த நாள் விடிய உம்மா அபாயா அங்கியைப் போட்டு, பொரித்த மீனையும் சம்பலையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். "கொழும்பு பஸ் எத்தன மணிக்கு?"

கேமில் அவ்வளவு கத்தியவள், இப்போது நானாவின் வாயால் கதைத்தேன். "தனியவா? ஏலாது உம்மா. நானும் வாறன்."

"நீ வந்தா நீ கூட்டிக்கிட்டு வந்தன்னு ஒன்ட நானா சொல்லுவான். நீ நில்லு."

மெயின் ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டேன். உம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பிப் பார்க்கவில்லை. அன்று காலை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உம்மாவுக்குப் போன் எடுத்தேன், அது பைக்குள் மீனுக்கு அடியில் கிடந்ததோ என்னவோ, பதில் இல்லை. சிலாபத்தில் தவறி இறங்கியிருப்பாரோ, கொழும்பு புறக்கோட்டையில் அடுத்த பஸ்ஸைக் கண்டுபிடிப்பாரோ என்று முற்றத்துக்கும் கேற்றுக்கும் நடந்தேன். மாமி வந்து, "நீ ஏன்டி சாகிற? அவ வழி கேட்டுப் போவா" என்று ஏசினார்.

லுஹருக்குக் கொஞ்சம் முன்னால் நானாவின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, உம்மா வந்திரிக்கா. தனிய. பெல் அடிச்சிச்சு, கதவத் தொறந்தன், வாசல்ல நிக்கிறா. வாப்பா இல்லாம உம்மா ஒரு வாசல்ல நிக்கிறத நான் இப்பதான் பாக்கிறன். உள்ளுக்கு வாங்கன்னு சொல்லவும் மறந்து போய்ட்டன்."

அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு உம்மாவின் குரல் கேட்டது. களைப்பே இல்லை. "மகள், சாப்பிட்டுட்டுத் திரும்பி வாறன். ராவைக்குச் சோறு ஆக்கி வை."

"இண்டைக்கு நில்லுங்க உம்மா. நாளைக்கு நானே கொண்டுபோய் விடுறன்," என்று நானா பின்னால் சொல்வது கேட்டது.

"விடுறதுன்னா பஸ் ஸ்டாண்டுக்கு விடு மகன், அவ்வளவு காணும்."

சாப்பிட்டு முடிந்ததும் நானா உம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் விட்டார். அங்கே இருந்தபடியே அந்த வாடகைக்காரருக்குப் போன் எடுத்து, "வீடு குடுக்க ஏலாது, அங்க எங்கட உம்மா இரிக்கிறா" என்று சொல்லிவிட்டார்.