மரையின் கழுத்து

மரை என்கிற பெரிய மானை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. எங்கள் தோட்டத்துத் துரையிடம் முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். தேயிலை ஃபெக்டரிப் பட்டறையில் வெறும் கையாளாக இருந்தாலும், இரும்பில் எதையும் வெட்டிவிடுவேன் என்ற திமிர் எனக்கு இருந்தது. அதனால் சொல்லவில்லை.

துரைக்குச் சீமையிலிருந்து காற்றுத் துப்பாக்கி வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைப் பக்கத்துத் துரைமார் அவருடைய பங்களாப் புல்வெளியில் கூடிக் குறிபார்த்துச் சுடுவார்கள். வட்டத் தகட்டைச் சுட்டுச் சுட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது. தகட்டில் ஒரு மரை வேண்டும். நெஞ்சில் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் மணி. ஈயக்குண்டு உள்ளே போனால் மணி அடிக்கும். வேறு இடத்தில் பட்டால் சுண்ணாம்புப் பூச்சில் தழும்பு விழும்.

"நெசமான மரை மாதிரி இருக்கணும். நல்லா வந்தா ஒன்னையப் பட்டறையில நெரந்தரமா வச்சிக்கிறேன்" என்றார்.

நிரந்தரம் என்றால் ஃபெக்டரிக்கு மேலே கட்டிய புது லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா. எங்கள் பழைய காம்பராவில் மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓட வேண்டும். கைப்பிள்ளைக்கு மார்ச்சளி விட்டபாடில்லை. அந்த ஒழுகாத கூரைக்காகத் துரை யானையைக் கேட்டிருந்தாலும் "சரிங்க" என்றிருப்பேன்.

பழைய தண்ணீர்த் தொட்டியின் தகட்டை வெட்டி, வண்டிமாட்டு மணி ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் நிறுத்தினேன். துரைமார் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்புத் தாங்காமல் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் துரைதான் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். நான்கு கால்களும் குளம்புப் பக்கம் ஒன்றாகக் குவிந்திருந்தன. கழுத்து தொய்ந்து கிடந்தது.

"இது செத்துப்போன மரை. எனக்கு ஓடப்போற மரை வேணும்."

அவர்கள் வேட்டையாடிய மரையைக் காலைக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு நம் ஆட்கள் சுமந்து வருவார்கள். நான் கண்ட மரையெல்லாம் அதுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? லயத்தில் யாரிடம் கேட்டிருந்தாலும் அப்படித்தான் வெட்டியிருப்பார்கள். இந்த நியாயமெல்லாம் இப்போது வருகிறது. அன்றைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தகட்டைத் தோளில் போட்டுக்கொண்டு யார் முகத்தையும் பாராமல் இறங்கி வந்தேன்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துவிடுகிற இடம் அது. பிள்ளைக்கு இருமல் என்பதால் என் மனைவி பிந்தி வந்தாள். இடுப்பில் பிள்ளை, முதுகில் கூடை. வரிசைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கும்போதே வளைவில் துரையின் குதிரைச் சத்தம் கேட்டது. அப்படியே நின்றுவிட்டாள். கழுத்து மேலே எழும்பியது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

புருஷன் என்று ஒருவன் இருந்தால் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கியிருப்பான். நான் பட்டறைக்கு ஓடினேன். மறப்பதற்குள் அந்தக் கழுத்தைக் கரிக்கட்டியால் தகட்டில் கீறிக்கொண்டேன். துரை அவளை வேலையில்லை என்று திருப்பி அனுப்பிய சங்கதி சாயங்காலம்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு ஒருவரும் சிரிக்கவில்லை. துரை புது மரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுதான். சத்தம் கேட்டு நிக்குற மரை. எங்க பாத்த?"

"காட்டுலதாங்க தொரை."

புதுக் காம்பரா கிடைத்தது. கூரை ஒழுகவில்லை. பிள்ளையின் சளியும் மெல்ல இறங்கியது. மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு மத்தியானம், வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "பங்களா வேலியோரமா வெறகு பொறுக்குறப்ப நீங்க செஞ்ச மரையப் பாத்தேங்க. எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு."

"காட்டுல பாத்திருப்ப புள்ள."

"நான் எங்கங்க காட்டுக்குப் போனேன்?"

பங்களாப் பக்கம் மணி அடித்தது. யாரோ ஒரு துரை நெஞ்சில் சரியாகச் சுட்டிருக்க வேண்டும். சோற்றுக் கை பாதியில் நிற்க, அவள் சட்டென்று கழுத்தைத் தூக்கிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. அண்ணாந்து அந்த ஒழுகாத கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.