அப்பாவுக்குப் பின்னால் இருந்த கறுப்பு

போன வாரம் பிள்ளையார்பாளையம் போயிருந்தேன். ஸ்டுடியோ வைத்திருக்கும் தணிகாசலத்திடம் ஒரு பழைய சிடியைக் கொடுத்து, உள்ளே இருப்பதை பென்டிரைவில் போட்டுத் தரச் சொன்னேன்.

சிடியில் இருந்தது அப்பாவின் படம். தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார். நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ எடுத்தது. அப்பா இறந்தபோது இதே தணிகாசலம்தான் ஸ்கேன் செய்து, அதை அப்படியே இந்த சிடியில் போட்டுத் தந்துவிட்டு, பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டுக் கொடுத்தார். ஹாலில் மாலையோடு தொங்குகிறது. அப்பாவுக்குப் பின்னால் ஒரே கறுப்பு.

புது மானிட்டரில் படத்தைத் திறந்த தணிகாசலம் சட்டென்று குனிந்து பார்த்தார்.

"சார், பின்னாடி யாரோ பொம்பள உக்காந்துக்கினு இருக்காங்க சார்!"

பார்த்தேன். கறுப்பு இல்லை... சாம்பல். அடர்ந்த சாம்பல், கொஞ்சம் வெளுத்த சாம்பல், இன்னும் வெளுத்தது. அதற்குள் ஒரு ராட்டை. நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு, கேமராவை நிமிர்ந்து பார்க்கும் ஒரு பெண்.

நான் தவழும் வயதிலேயே அம்மா இறந்துபோய்விட்டாள். அவள் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது.

"அன்னைக்கு ஸ்கேன் பண்றப்போ ஏன்பா இது தெரியல?"

"அப்போ இருந்த மானிட்டர் அப்படி சார். சாம்பல் வரணும்னா செவப்பு, பச்சை, நீலம் மூணும் சமமா நிக்கணும். அந்த கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணுக்கும் அறுபத்து நாலு படிதான், அதனால அறுபத்து நாலு சாம்பல்தான் தேறும். இருட்டுப் பக்கம் எல்லாம் ஒண்ணா ஒட்டி திட்டாயிடும். ஸ்கேனர் புடிச்சு வெச்சிருக்குது... மானிட்டர் காட்டல."

கலர் மானிட்டர் வந்த புதிதில் என்னமாய் வாயைப் பிளந்தோம்! மயில்கழுத்து, மாம்பழக் கலர் எல்லாவற்றையும் வாரிக் கொட்டிய பெட்டி, சாம்பலுக்கா இவ்வளவு கஞ்சத்தனம்? பகட்டாக எதையாவது காட்டிவிட்டால் போதும், எல்லாவற்றையும் காட்டிவிட்டதாக நம்பிவிடுகிறோம்.

சரி... இது அம்மாதானா? சித்தியும் வந்து நூல் சுற்றுவாராம், அத்தையும் சுற்றுவாராம். யாரைக் கேட்பது? அம்மாவின் முகம் தெரிந்தவர்களில் கடைசி ஆள் என் அக்கா. போன தை மாதம் அவளும் போய்விட்டாள்.

இத்தனைக்கும் அன்றைக்கு ஸ்டுடியோவில், அந்தப் பழைய மானிட்டருக்கு முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அக்காதான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் உற்றுப் பார்த்தாள்.

"பின்னாடி என்னாபா திட்டுத்திட்டா இருக்குது? ஒரே கறுப்பா அடிச்சிடச் சொல்லு. அப்பா மூஞ்சி எடுப்பா இருக்கணும்."

இப்போது அந்தப் பெண்ணை அம்மா என்றே கூப்பிடுகிறேன் — இல்லை என்று சொல்லக்கூட ஆள் இல்லை.