யாத்திரை என்று சொல்லிவிட்டுப் போனவர்

ரோஸ்லின் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பெங்களூரில் பொம்மனஹள்ளி சிக்னலில் ஆட்டோவுக்குள் இருந்தேன். "ஆண்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றான் போனில் அவருடைய மகன் ஜான்சன். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம்தான். கோயில் பாடகர் குழுவில் இத்தனை வருடம் அவரோடு பாடிய உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஜான்சனிடம் கேட்டுக்கொண்டுதான் அதை இங்கே எழுதுகிறேன்.

அக்கா கோலார் தங்கவயலில் பிறந்தவர். வாயும் அந்த ஊர் வாய்தான். பாட்டில் சுருதி பிசகினால், "இன்னாடி, காலைல துன்னியா இல்லியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி அதட்டுவார். தன் உடம்பையும் விட்டுவைக்க மாட்டார். "நான் ஒருத்தி நின்னா மூணு பேர் கோரஸ்" என்று முந்திக்கொண்டு சொல்லுவார். நாமும் சிரித்தோம். போன ஈஸ்டர் ஒத்திகைக்கு, நாம் நின்று பாடும் மாடிக்கு ஏறும்போது ஏழாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்காலியைக் கீழேயே போட்டுவிடலாம் என்று நம்மில் ஒருவர் சொன்னார். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

இங்குள்ள டாக்டர், சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்றார். துருக்கியில் ஒரு கிளினிக், அவர் எடையையும் புகைப்படத்தையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு அடுத்த மாதமே வரச் சொன்னது. பெங்களூரிலேயே காத்திருந்து செய்துகொள்ளலாமே என்று கெஞ்சினேன்.

"இங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம்ம பங்குக் கோயில் பொண்ணு ஒருத்தி நர்ஸா இருப்பாடி. ஞாயித்துக்கெழம பூசைக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

ஆகவே எருசலேம் யாத்திரை என்று சொல்லிவிட்டுப் போனார். மகனிடமும் அதே பொய். வழக்கம்போல நீங்கள் எல்லோரும், புனித இடத்தில் வைக்கச் சொல்லி வேண்டுதல் சீட்டு எழுதிக் கொடுத்தீர்கள். ஆபரேஷனுக்குப் போகுமுன் துருக்கியிலிருந்து போன் செய்தார். "எல்லார் சீட்டும் என் பையில கீதுடி. இங்க எங்க கொண்டுபோய் வைக்கறது?" அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி வைத்தேன்.

எட்டாம் நாள் முகம் வற்றி வந்து சேர்ந்தார். நோன்பின் பலன் என்று புகழ்ந்தீர்கள். அந்த ஞாயிறு நன்றிப் பூசை, அதன்பின் பிரியாணி. யாத்திரை போய்வந்தவர் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கை வைப்பது நம் குழுவின் பழக்கம். அவருக்கோ ஆபரேஷனுக்குப் பின் இரண்டு வாரத்துக்குத் தண்ணீராகத்தான் எதுவும் இறங்கலாம். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லோரும் காத்திருந்தீர்கள். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சாப்பிட்டார். அன்பாக இன்னொரு கரண்டி வைத்தீர்கள். அதையும் சாப்பிட்டார். அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காய்ச்சல், இடது தோள்வரை வலி. வீட்டருகே இருந்த சின்ன நர்சிங் ஹோமுக்கு நானும் கூடப் போனேன். நைட்டிக்கு மேலேயே வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டர், அண்மையில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று கன்னடத்தில் கேட்டார்.

"இல்ல டாக்டர், யாத்திரை போயிட்டு வந்தாங்க, அவ்ளோதான்" என்றான் ஜான்சன்.

அக்கா போர்வைக்கடியில் என் விரல்களைப் பிடித்து நெரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வெறும் கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவருக்கு மூச்சு இரைத்தபோது, பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டாக்டருக்கு என்னைத் திட்டக்கூட நேரமில்லை, உள்ளே ஓடினார். இரைப்பையில் தைத்த இடம் பிரிந்து, வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தது. அதன்பின் ஒன்பது நாள்தான் இருந்தார்.

அவருடைய பாட்டு நோட்டை வைத்துக்கொள்ளும்படி நீங்கள் சொன்னீர்கள். வேண்டாம் என்றேன். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஜான்சன் பக்கத்தில் வந்து நடந்தான். அவன் குரலில் கோபமே இல்லை.

"ஆண்ட்டி, அன்னைக்கு அந்த டாக்டர் கேட்டப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

ஆமாம் என்றேன். அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான்.