பிளாட்பாரத்தில் ஒரு கரகம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் சென்னை ரயிலுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் கூமாப்பட்டியிலிருந்து வந்த கரகாட்டக் குழு ஒன்று தவிலும் மூட்டைகளுமாக உட்கார்ந்திருக்கிறது. டெல்லியில் மத்திய அரசு நடத்தும் கலைவிழாவுக்குப் போகிறார்கள். டிக்கெட், தங்குமிடம், சம்பளம் எல்லாம் அரசாங்கச் செலவு. ஆனாலும் கரகம் ஆடும் செல்விக்கு ஒரு கவலை.

"அங்க மேடை கண்ணாடி மாதிரி வழுக்குமாம் சார். நான் மண்ணுல ஆடிப் பழகுனவ."

"அப்போ இங்கேயே ஆடிப் பாருங்களேன்," என்று பளபளக்கும் தரையைக் காட்டுகிறேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் எழுந்து கரகத்தைத் தலையில் வைத்துவிடுகிறார். கணவர் தவிலைத் தட்டுகிறார். இரண்டாவது சுற்றிலேயே கால் வழுக்கி, கரகம் கணீரென்று விழுந்து உருள்கிறது. யாரும் சிரிக்கவில்லை. செல்வி பாதங்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறார். இந்த முறை சின்னச் சின்ன அடிகள். கரகம் அசையவே இல்லை. பிளாட்பாரமே கைதட்டுகிறது. டீ விற்பவர் விசிலடிக்கிறார்.

ரயில் வந்து நிற்கிறது.

"ஏட்டி, ஆடுனது போதும், ஏறு!" என்று கணவர் கத்துகிறார்.

"செத்த இருங்க, வாரேன்!"

செல்வி கரகத்தை இறக்கவில்லை. தலை குனியாமல், முழங்காலை மட்டும் மடக்கி, படியேறிப் பெட்டிக்குள் போகிறார். உள்ளேயிருந்து இன்னொரு கைதட்டல் எழுகிறது.