ரோட்டைத் தாண்டிய நத்தைகள்

என் அக்காவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. ஈரச் சருகில் மண்டியிட்டு, அள்ளிச் சலித்து, புளியங்கொட்டை அளவு நத்தைகளைப் பொறுக்குவதே பிழைப்பாக இருந்தால் பின் என்னதான் ஆகும்? ஆராய்ச்சி நிலையத்தில் அவள் கள உதவியாளர். நான் உதவியாளருக்கு உதவியாளர், அதாவது சல்லடை தூக்குகிறவள். "நீங்க ரெண்டு பேரும் வேலை பார்க்கிற வேகத்துக்கு அந்த நத்தையே தேவலை" என்பார் மாமா, அக்காவின் கணவர். பேசுகிறவர் ஓட்டுவது ரோடு ரோலர். அது எந்த வேகத்தில் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே வீடு, ஒரே காடு. காட்டை வெட்டி, மரம் ஏற்றும் லாரிகளுக்காக நடுவில் ஒரு சரளை ரோடு போட்டிருந்தார்கள். மழை பெய்தால் குண்டும் குழியுமாகிவிடும். விடிந்ததும் லாரிகள் வருவதற்குள் மாமா அதை அமுக்கிச் சமன் செய்யவேண்டும். அந்த ரோட்டால் நத்தைகளுக்கு என்ன கேடு வந்தது என்று கண்டுபிடிப்பது அக்காவின் நிலையம். காலையில் இரண்டு பேருக்கும் ஒரே சட்டியிலிருந்துதான் சோறு கட்டுவேன்.

விஷயம் இதுதான். நிழல் போன இடத்தில் நத்தை பிழைக்காது. மழை இரவில் ரோட்டில் இறங்கினாலும் பாதி தாண்டுவதற்குள் விடிந்துவிடும்; வெயிலில் காயும், இல்லையென்றால் லாரியில் நசுங்கும். ஆகவே அந்தப் பக்கத்துக் கூட்டம் அந்தப் பக்கத்தோடு, இந்தப் பக்கத்துக் கூட்டம் இந்தப் பக்கத்தோடு. வெளிச் சம்பந்தமே இல்லாமல் சொந்தத்துக்குள்ளேயே கூடிக்கூடி மரபணுவெல்லாம் ஒரே அச்சாகிவிடும். பிறகு ஒரு நோய் வந்தால் கூண்டோடு போகும். இதை நிரூபித்தால், உட்காட்டில் வரவிருந்த இரண்டாவது ரோட்டை நிறுத்தலாம். நான்கு மழைக்காலம் அக்கா இரண்டு பக்கமும் பொறுக்கியது அதற்காகத்தான்.

முடிவு வந்த அன்று எங்கள் தலைவி, டாக்டரம்மா, நேராக எங்கள் மேஜைக்கே வந்தார்.

"ரெண்டு பக்கத்து மரபணுவும் நல்லா கலந்திருக்கு. ரோடு ஒரு தடையே இல்லைன்னுதான் எழுதணும் போல."

அக்கா கையிலிருந்த குப்பியை மூடக்கூட மறந்துபோனாள்.

ராத்திரி சாப்பிடும்போது அதை மாமாவிடம் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தியா, நான் பட்ட பாடு வீண் போகலை!"

"நீங்க என்ன பாடுபட்டீங்க?"

"மழை பேஞ்சா ரோடு பூரா நத்தை. அது மேல எப்படி ஏத்துறது? ரெண்டு வாளி வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் போறதுக்கு ஒண்ணு, இந்தப் பக்கம் வர்றதுக்கு ஒண்ணு. எதுக்கு எந்தப் பக்கம் தலையோ அங்கேயே கொண்டுபோய் விட்டுருவேன். நசுங்கின ஓட்டைப் பார்த்தா உன் முகம் செத்துப் போயிடுதே!"

"எத்தனை வருஷமா?"

"நீ அங்க பொறுக்க வந்ததிலிருந்து."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நல்லது செய்யப்போய்ப் பொல்லாப்பைத் தேடிக்கொள்வது எங்கள் மாமாவுக்குக் கைவந்த கலை. ஆனால் இவ்வளவு அன்பாக ஒரு பெண்டாட்டியின் உழைப்பில் மண்ணைப் போட்ட மனிதனை நான் பார்த்ததில்லை.

மறுநாள் அக்கா டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அந்த நாலு வருஷமும் செல்லாது. யாரும் தொடாம விட்டு, மறுபடி முதல்லேர்ந்து பார்க்கணும். புது ரோட்டை அதுவரைக்கும் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்க்கிறேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே பேசிடுங்க."

அக்கா பேசினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டே பேசினாள்.

"இனிமே நத்தையைப் பொறுக்காதீங்க."

"பின்ன என்ன பண்ண?"

"மேல ஏத்திட்டுப் போங்க."

"நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன். உள்காட்டுல இருக்கிறதாவது பிழைக்கட்டும். இன்னொரு தடவை கேக்காதீங்க, எனக்குச் சொல்லத் தெம்பு இல்லை."

அவர் மறுபடி கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

அடுத்த மழை இரண்டு நாளில் வந்தது. காலையில் நானும் அக்காவும் ரோட்டோரம் நின்றோம். சரளை முழுக்க நத்தைகள், கொம்பை நீட்டிக்கொண்டு, பாதி தூரம் வந்திருந்தன. ரோலர் உறுமிக்கொண்டு நின்றது, நகரவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். மாமா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் வேண்டாம் என்று ஒரு முறை தலையசைத்துவிடமாட்டாளா என்பதுபோல.

அக்கா கையை உயர்த்தி, வாங்க என்று ஆட்டினாள்.

ரோலர் வந்தது. எத்தனை செத்தன என்று எண்ணவேண்டியது அவள் வேலை, அதனால் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.